திருத்தக்கதேவர் காட்டிய தனிவழி

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் பிரம்மதேசத்தில் ஆற்றிய உரை)



நம் சமண நெறியினரான திருத்தக்கதேவர் ஒரு துறவி. துறவியால் காதற்சுவை பாட இயலாது என்ற மதுரைப் புலவர்களுக்கு விடையாகவே அவர் சீவக சிந்தாமணியை இயற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. அதற்குமுன், ஆசிரியர் சொற்படி ஒரு நரியைப் பொருளாகக் கொண்டு ‘நரிவிருத்தம்’ பாடித் தம் ஆற்றலை மெய்ப்பித்தாராம்.

சீவகன் கதை அவர் புனைந்ததன்று, வடமொழியிலும் உள்ளது. ஆயினும், முந்தைய காப்பியங்களின் அகவல் நடையில் செல்லாமல், விருத்தப்பாவில் 3,000க்கும் மேற்பட்ட செய்யுள்களால் அதனைப் பெருங்காப்பியமாக்கினார். கம்பரும் பின்னர் அவ்விருத்த வழியிலேயே நடந்தார். பழம்பொருளைத் தன் உழைப்பால் தனதாக்குவதே தனித்தன்மை.

இதனை வகுப்பில் கற்பித்த நானே ஒருமுறை தவறினேன். சீவகனைப் பற்றித் தன் சொற்களில் எழுதிய ஒரு மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். உரைநூலை அப்படியே எழுதியவர்க்கு மிகுதியாக வழங்கினேன். அதன்பின் அவள் தன் சொற்களில் எழுதவேயில்லை. அந்த வடு என்னுள் இன்னும் ஆறவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் கட்டுரையையோ கோலத்தையோ தம் போக்கில் வரைந்தால் உடனே திருத்தாதீர்கள். முதலில் ஒரு நரியைப் பாட விடுங்கள். சிந்தாமணி பின்னர் வரும்.