நெற்றுமணியும் குளத்து மண்ணும்

(தென்காசி வட்டார ஊராட்சி உறுப்பினர்களிடையேயும் உழவர்களிடையேயும் ஆற்றிய உரை)



ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து சாரலைக் கொணரும்போது குற்றாலம் விழாக்கோலம் பூணுகிறது. செப்டம்பர் வரை அருவியாட வருவோர் பல்லாயிரவர். அவர்கள் ஊர் திரும்பும்போது பழம் வாங்குகின்றனர். பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்கும் மணிமாலை வாங்குகின்றனர். இவ்வாறு செலவாகும் பணத்தில் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு வந்து சேரும் பங்கு எவ்வளவு என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரிய ஆலைகளைப் பற்றி இன்று நாம் பேச வரவில்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்யத்தக்க ஒரு சிறு பொருளைப் பற்றியே பேச வந்துள்ளோம். அதுதான் நெற்று வடிவ மணி.

நெற்று இன்னதென்று உழவருக்கு விளக்க வேண்டுவதில்லை. அவரை, உளுந்து, கொன்றை, வாகை ஆகியவற்றின் முற்றி உலர்ந்த காய்களின் வடிவில் மணி செய்து கோத்தால், அம்மாலைக்குத் தனி அழகு உண்டாகிறது. நகரங்களில் இத்தகைய மணிகளைப் பாலிமர் களிமண்ணால் செய்கின்றனர். பெயரில் களிமண் இருப்பினும் அது மண்ணன்று, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் தூளும், அதனை இளக்கும் பொருளும், நிறமும் சேர்ந்த கலவை. ஜெர்மனியில் பொம்மைத் தொழிலால் புகழ்பெற்ற கேத்தே குரூஸே அம்மையாரின் மகள் இதனைப் பண்படுத்தினார். 1964இல் எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனம் அதனைப் பெற்று, ஃபிமோ என்னும் பெயரால் உலகெங்கும் பரப்பிற்று.

அதன் வசதிகளை நாம் மறைக்க வேண்டுவதில்லை. பல நிறங்களில் கிடைக்கிறது, எளிதில் உடைவதில்லை, 110 முதல் 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ அரைமணி நேரம் மின்னடுப்பில் வைத்தாலே இறுகிவிடுகிறது. ஆனால் வெப்பம் மிகுந்தால் கருகி நச்சுப்புகை எழும். சமையலுக்குரிய பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்துதல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பொதியையும் விலைகொடுத்தே வாங்க வேண்டும். மாலை விற்குமுன்பே முதலின் ஒரு பகுதி ஊரைவிட்டுப் போய்விடுகிறது.

நம் குளத்துக் களிமண்ணின் நிலை வேறு. நமது சிற்றாறு சென்று கலக்கும் தாமிரவருணியின் கரையில், ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுள் கிடந்தும் கரையவில்லை. கீழடி அகழாய்வில் சுடுமண் மணிகளும் கிடைத்துள்ளன. மண்ணைச் சுடும் அறிவு செங்கோட்டையை அடுத்த தேன்பொத்தையிலும், திருநெல்வேலி மாவட்டத்துக் காருகுறிச்சியிலும் இன்றும் வாழ்கிறது. எவர்சில்வர் வந்தபின் பானைக்குத் தேவை குறைந்தது. ஆயினும் அத்தொழிலாளரின் கைத்திறன் குறையவில்லை. நம் மகளிர் குழுக்களுக்கு அவர்களே ஆசான்களாக அமையத் தக்கவர்கள்.

செய்முறை கடினமன்று, பொறுமையே வேண்டும். களிமண்ணை உலர்த்தி இடித்து, நீரில் ஊறவிட்டுக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். அடியில் தங்கும் குழம்பு பிசைந்த மாவின் பதத்துக்கு வரும்வரை நீர் வற்றவிட்டு, காற்றுக்குமிழி இல்லாதபடி நன்கு பிசைய வேண்டும். பெரிய சுண்டைக்காய் அளவு மண்ணை எடுத்துப் பலகையில் உருட்டி, இரு முனையும் கூர்ந்து வருமாறு செய்து, சற்றே தட்டையாக்குக. விளிம்பு நெடுக ஈர்க்கால் கோடு கீறி, இடையிடையே விரல் நுனியால் அழுத்தினால், உள்ளே பருப்பு புடைத்திருப்பது போன்ற தோற்றம் வரும். உண்மை நெற்று ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நலம். பாதி உலர்ந்த நிலையில் நனைத்த ஈர்க்கால் துளையிடுக. உலரும்போதும் சுடும்போதும் மணி பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கக்கூடும். ஆதலின் துளை சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்.

பின்னர் ஒரு வாரம் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் அவசரப்பட்டு உலர்த்தினால் விளிம்பு முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். உள்ளே ஈரமிருக்கச் சூளையில் வைத்தால், நீர் ஆவியாகி மணியைப் பிளந்துவிடும். சிறு அளவில் சுடுவோர் மட்பானையில் உமியும் மணியுமாக அடுக்கி, சுற்றிலும் வறட்டி மூட்டி மெல்ல வெப்பமேற்றி, மறுநாள்வரை தானே ஆறவிடலாம். காற்றோட்டம் இருந்தால் மணி சிவக்கும். புகையை அடைத்தால் கறுக்கும். ஆறியபின் ஒரு மணியை இரவு முழுதும் நீரில் போட்டுப் பார்க்க வேண்டும். அது குழைந்தால் சூடு போதவில்லை என்பது பொருள். அத்தகைய மணியை விற்றல் கூடாது.

இங்கு உழவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மாலை விற்பது சாரல் காலத்தில்; ஆனால் சாரல் காலத்தில் மண் உலராது, சூளையும் சரிவர எரியாது. சாரல் தொடங்கியபின் தொழிலைத் தொடங்குபவருக்குச் சந்தையும் தவறும், சரக்கும் தவறும். பிசான அறுவடை முடிந்து குளம் வற்றும் மார்ச்சு முதல் மே வரையிலான காலமே மணி செய்யும் காலம். வயலில் வேலை குறைந்திருக்கும் காலமும் அதுவே. எனவே இத்தொழில் உழவுக்குப் போட்டியாகாது. அதன் ஓய்வுக் காலத்தை நிரப்பும்.

இதற்காகக் குளம் பாழாகுமோ என்று அஞ்சுவோர் கணக்கைப் பார்க்கட்டும். ஒரு மணிக்கு 5 கிராம் மண் எனக் கொண்டால், 100 கிலோ மண்ணில் 20,000 மணிகள் ஆகும். 25 மணிக்கு ஒரு மாலை வீதம் அது 800 மாலை. உடைவதையும் வெடிப்பதையும் கழித்தாலும் ஓர் ஊருக்குச் சில மூட்டை மண்ணே போதும். குளத்துக்குக் கேடு விளைப்பது வரம்பின்றி வண்டி வண்டியாக அள்ளிச் செல்வதே. கரையையும் மடையையும் ஒட்டித் தோண்டாமல், அளந்து எடுத்தால் குளம் ஆழப்படும். வண்டல் வயலுக்கும் களிமண் கைத்தொழிலுக்கும் பயன்படும். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் குளத்து மண்ணைக் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் முறை 2024இல் நடைமுறைக்கு வந்தது. 2025இல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டத்தில் மண்பாண்டத் தொழிலுக்கும் இடமுண்டு. 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 25 விழுக்காடு மானியம், 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், வழங்க அது வகை செய்கிறது.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையிலேயே எந்தக் குளத்தில் எவ்வளவு மண் எடுப்பது என்பதைப் பேசி முடிவு செய்து, கோடைக்கு முன் அனுமதி பெறுங்கள். மழை படாத கொட்டகை ஒன்றையும் பொதுச்சூளை ஒன்றையும் அமைத்துக் கொடுங்கள். மண்பாண்டத் தொழிலாளரை உரிய கூலி கொடுத்து அழைத்து, நம் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்யுங்கள். மாலையை என்ன விலைக்கு விற்பது என்பதை மண் விலையைக் கொண்டு மட்டும் கணக்கிடாமல், செய்பவரின் நாட்கூலியையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். கூலி கிட்டாத கைத்தொழிலை அடுத்த தலைமுறை கைக்கொள்ளாது.

நம் குளத்து மண், நம் மக்களின் கை, நம் ஊருக்கு வரும் சந்தை ஆகிய மூன்றும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. அவற்றை உரிய பருவத்தில் ஒன்றுசேர்ப்பது ஊராட்சியின் கடமை. வருகிற கோடையில் அம்முயற்சி தொடங்கட்டும்.