வண்டைக் கேட்டால் வெயில் தெரியும்

ஒரகடம் சாலையில் கட்டடத்துக்குத் தோண்டிப் போட்ட மண்மேட்டைக் கண்டால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன். வெளிறிய களிக்கல்லைத் தட்டிப் பிளந்தால் சில சமயம் இறகு போன்ற இலைத்தடம் கிடைக்கும். டைலோஃபில்லம் என்று பெயர். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆராய்ந்த ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகள் இவை. இவற்றின் இலைகளை 1879இல் தொல்தாவரவியலாளர் ஃபைஸ்ட்மான்டல் விவரித்து எழுதினார். வயது 12 கோடி ஆண்டுக்கு மேல்.

பொக்லைன் ஓட்டும் தம்பி ஒருவர் தடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ இங்க வெயில் எத்தனை டிகிரி சார்?" என்றார். நல்ல கேள்வி. ஆனால் அந்தச் செடியினமே அழிந்துபோயிற்று. அது எவ்வளவு குளிர் தாங்கும் என்று எங்கே போய்ப் பார்ப்பது?

டிகிரி சொல்ல இன்றும் வாழும் இனம் வேண்டும்; பனியுகத்துக்கு அது வண்டு. பல லட்சம் ஆண்டுகளாகப் பெரும்பாலான வண்டினங்கள் உருமாறவில்லை. தட்பவெப்பம் ஒத்துவராவிட்டால் ஊரைக் காலிசெய்துவிடும், அவ்வளவுதான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் கூப், இங்கிலாந்தின் பனியுகச் சேற்றில் கிடைத்த ஒரு சாணிவண்டை 1973இல் அடையாளம் கண்டார். இன்று அது வாழ்வது திபெத் பீடபூமியில்! ஒரே சேற்றில் கிடைக்கும் இனங்கள் அத்தனையும் பிழைக்கக்கூடிய வெப்பநிலை எதுவோ, அதுதான் அன்றைய வெப்பநிலை. இப்படித்தான் 1987இல் அவரும் கூட்டாளிகளும் பிரிட்டனின் 22,000 ஆண்டுக் குளிரையும் வெயிலையும் கணக்கிட்டார்கள்.

கருவிகள் என்ன தெரியுமா? சல்லடை, மண்ணெண்ணெய், ஒரு வாளித் தண்ணீர். சலித்த சேற்றில் மண்ணெண்ணெய் விட்டுப் பிசைந்து தண்ணீர் ஊற்றினால், எண்ணெய் பற்றிய இறக்கை ஓடுகள் மிதந்து வரும். வகுப்பில் ஏரிச்சேற்றை வைத்துச் செய்து காட்டினேன். பச்சையாக மினுங்கும் ஓடு ஒன்று மேலே வந்ததும் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். என் சட்டையில் வாடைதான் போகவில்லை. வீட்டில் கிடைத்த வரவேற்பை இங்கே சொல்ல முடியாது.

நேரம் நெருங்குகிறது, நீலகிரியைச் சொல்லாமல் விட மனமில்லை. அங்குள்ள சதுப்பு மட்கில் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்து, புல் ஓங்கிய வறண்ட காலம் எது, ஈரம் மிகுந்த காலம் எது என்று 20,000 ஆண்டுக் கதையை சூழலியலாளர் ராமன் சுகுமாரும் குழுவினரும் 1993இல் வெளியிட்டார்கள். உதகைப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, உரிய அனுமதி வாங்கிக்கொண்டு அந்த மட்கில் ஒரு கைப்பிடியைச் சலித்துப் பாருங்கள். வண்டு கிடைத்தால் எனக்கும் வானொலி நிலைய முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.