மீக்கடத்தி மின்னாக்கியும் பொதுத்துறையும்

மின்னாக்கியின் சுழலியில் பாயும் மின்னோட்டத்தின் ஆற்றல், செம்புச் சுருளின் தடையால் வெப்பமாக வீணாகிறது. நையோபியம்-டைட்டானியம் கம்பியைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் அத்தடை இராது. காந்தப்புலம் வலுக்கும், எந்திரம் சிறுக்கும். ஆயின், நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் உருளைக்குள் அக்குளிரைக் காப்பதே வடிவமைப்பின் பெருஞ்சிக்கல்.

1988இல் ஜப்பான் அரசு தொடங்கிய திட்டம், 70 மெகாவாட் வகுப்பு மாதிரியைச் சோதித்து முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தன. இங்கே பொதுத்துறையான பாரத மிகு மின் நிறுவனம் ஐதராபாத்தில் 200 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்னாக்கியை உருவாக்கியது. காலாண்டு லாபத்தையே கணக்கிடும் மூலதனம் இவ்வளவு காலம் காத்திராது. ஆகவே, பங்கு விற்பனையை எதிர்ப்பது ஊழியரின் வேலையைக் காக்கும் போராட்டம் மட்டுமன்று. நாட்டின் அறிவியல் தற்சார்பைக் காக்கும் போராட்டமும் ஆகும்.