சில்லறை போகலாம், கணக்கு போகக் கூடாது
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் குற்றிகள் இனி எதற்கு, எடுத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு ரூபாய்க்கு இன்று கடையில் என்ன வாங்க முடியும்? மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. அந்தக் குற்றியை அடிக்க உலோகமும் செலவும் வேண்டும்.

குற்றி போவதை நாம் எதிர்க்கத் தேவையில்லை. போன பிறகு கணக்கை யார் சுற்றுவது, எந்தப் பக்கம் சுற்றுவது என்பதே நம் கேள்வி.

கடையில் 98, 48, 63 ரூபாய்க்கு மூன்று சாமான் வாங்குகிறீர்கள். மொத்தம் 209. மொத்தத்தை மட்டும் கிட்டிய ஐந்துக்குச் சுற்றினால் 210. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகச் சுற்றினால் 100, 50, 65, ஆக 215. சாமான் ஒன்றுதான், ஆனால் ஐந்து ரூபாய் கூடப் போகிறது.

கனடாவில் 2013 பெப்ரவரி 4 முதல் ஒரு சதக் குற்றி விநியோகத்தை நிறுத்தினார்கள். காசாகக் கொடுக்கும்போது மொத்தத்தை மட்டும் கிட்டிய ஐந்து சதத்துக்குச் சுற்றுவது அங்கு முறை. வங்கி அட்டையில் கொடுத்தால் சதம் வரை அப்படியே கணக்கு. பழைய குற்றியும் செல்லாக்காசு ஆகவில்லை. இந்தியாவிலோ 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் செல்லாது என்றாகிவிட்டது.

இனி நம் சம்பளத்துக்கு வருவோம். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 25 நாள் வேலைக்கு 33,750. இதில் ஈ.பி.எப்.புக்கு நம் பங்கு 8 வீதம், 2,700 ரூபாய். தோட்ட நிர்வாகத்தின் பங்கு 12 வீதம், 4,050 ரூபாய். நிர்வாகம் கட்ட வேண்டிய ஈ.டி.எப். 3 வீதம், 1,012 ரூபாய் 50 சதம். கையில் சதம் புழங்காவிட்டாலும் கணக்கில் அந்த 50 சதம் நமக்குரியது. ஆயிரம் பேருக்கு அதை வெட்டினால் மாதம் 500 ரூபாய், வருடம் 6,000 ரூபாய்.

ஆகவே, குற்றியை எடுப்பதானால் நாம் கேட்க வேண்டியவை மூன்று. கடையில் மொத்தத்தை மட்டும், ஒரே தடவை சுற்ற வேண்டும். அந்த விதி கடையில் எழுதித் தொங்க வேண்டும். சம்பளம், ஈ.பி.எப்., ஈ.டி.எப். எதையும் சுற்றக் கூடாது. பிள்ளைகளின் உண்டியல் காசை மாற்றப் போதிய காலமும், தோட்டத்துக்குக் கிட்டிய இடமும் வேண்டும்.

அதுவரை சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். மாதாமாதம் கூட்டிப் பாருங்கள். வாசிக்கச் சிரமமென்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு சதம் குறைந்தாலும் சீட்டோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள்.