பதினெட்டு வருஷ வேலை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் கடன் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் நம்ம கண்ணுல பட்டது. கறவை மாட்டுக்குன்னு எழுதி வாங்கின கடன் காதுகுத்துல கரைஞ்சிருக்கு. தையல் மெஷினுக்குன்னு வாங்கினது கூரை மாத்தப் போயிருக்கு. குறை சொல்லணும்னு இதைச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு நெருக்கடி வந்தா கையில இருக்கிற பணம்தான் முதல்ல போகும், அது நமக்குத் தெரியாதா? ஆனா மாடும் தையல் மெஷினும் மூணு வருஷமா தீர்மான நோட்டுலேயே இருக்கு. இதைப் பேசினப்ப நம்ம கிறிஸ்தவச் சகோதரிகள் சிலர், "ஜெபிச்சுக்கிட்டு இருக்கோம், கர்த்தர் வழி திறப்பார்" என்று சொன்னார்கள். அந்த வார்த்தையைத்தான் இன்னைக்குப் பேச எடுத்திருக்கிறோம்.

நம்ம கூட்டமைப்புல எல்லா மதத்துக்காரங்களும் இருக்கோம். இது பிரசங்கம் இல்லை. விசுவாசத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி வேலை செய்தார் என்று பார்க்கப் போகிறோம். அவர் பெயர் பண்டித ரமாபாய்.

1858-ல் பிறந்தவர். பிராமணக் குடும்பம். அந்தக் காலத்தில் பெண் சமஸ்கிருதம் படிப்பதே குற்றம் மாதிரி. அவருடைய அப்பா ஊர் எதிர்ப்பை மீறி மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மா விடியற்காலையில் மகளை எழுப்பிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பகலில் வீட்டு வேலை சரியா இருக்கும் இல்லையா, அதனால் விடிவதற்கு முன்னே. இந்த விடியற்காலைப் பழக்கம் பின்னால் அவருக்கு எவ்வளவு உதவியது என்று பார்ப்போம்.

1870-களில் சென்னை மாகாணத்தில் வந்த பஞ்சத்தில் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் இறந்து போனார்கள். ரமாபாயும் அண்ணனும் கால்நடையாகவே ஊர் ஊராகப் போய், 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கே படித்தவர்கள் அவருடைய அறிவைப் பார்த்து 'பண்டிதா' என்று பட்டம் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணன் போனார். அதே வருஷம் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு வங்காள வக்கீலைத் திருமணம் செய்தார். இரண்டு வருஷத்தில் கணவர் காலராவில் இறந்துவிட்டார். கையில் ஒரு பெண் குழந்தை, மனோரமா. ரமாபாய்க்கு அப்போது வயசு 24கூட ஆகவில்லை.

விதவைப் பெண்களுக்கு ஏதாவது செய்யணும் என்று அப்போதுதான் உறுதி எடுத்தார். முதலில் டாக்டர் ஆகணும்னு நினைத்தார். மராத்தியில் பெண்களுக்காக ஒரு புத்தகம் எழுதி, அதை விற்ற பணத்தில் 1883-ல் இங்கிலாந்து போனார். அங்கே காது மந்தமாகிக்கொண்டே வந்தது. காது கேட்காமல் டாக்டருக்குப் படிக்க முடியாது என்று ஆகிவிட்டது. நம்மில் பலர் இங்கேதான் திரும்பி வந்திருப்போம். அவர் படிப்பை மாற்றினார், விதவைகள் என்ற நோக்கத்தை மாற்றவில்லை. டாக்டர் ஆகாவிட்டால் என்ன, ஆசிரியர் ஆகலாமே. அந்த வருஷமே இங்கிலாந்தில் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். (ஆனால் சாப்பாடு கடைசி வரை சைவம்தான். அங்கே முட்டை சாப்பிடச் சொன்னபோதுகூட மறுத்துவிட்டார்.)

பிறகு அமெரிக்கா போய், இந்து விதவைகளின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதி, ஊர் ஊராகப் பேசி ஆதரவு திரட்டினார். 1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடுதான் ஆரம்பம். நம்ம குழு தொடங்கின முதல் மாசத்தை நினைச்சுப் பாருங்க, பன்னிரண்டு பேரைச் சேர்க்க எத்தனை வீட்டு வாசல் ஏறினோம்?

1893-ல் பெரிய சண்டை வந்தது. ரமாபாய் ஜெபம் பண்ணும்போது கதவை மூடுவதில்லை, சில பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். மதம் மாற்றுகிறார் என்று புனேயில் எதிர்ப்பு கிளம்பி, பல பெண்களை வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள். வீட்டாருடைய பயம் நமக்குப் புரியாத பயம் இல்லை. அவருடைய பக்கமும் புரிகிறது: தன் வீட்டில் தான் ஜெபம் பண்ணுவதை ஒளித்துச் செய்ய மாட்டேன் என்றார். எது எப்படியோ, பள்ளியை மூடவில்லை. மிச்சம் இருந்த பிள்ளைகளோடு வகுப்பு தொடர்ந்து நடந்தது.

இப்போ அந்த "வழி திறப்பார்" விஷயத்துக்கு வருவோம். புனேயிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் கேட்காவ் என்ற இடத்தில் நிலம் வாங்கினார். கிணறு வெட்டி, பழ மரம் வைத்தார். வெளிநாட்டுப் பணம் நின்றாலும் பள்ளி நிற்கக்கூடாது என்ற கணக்கு. 1896-97-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது நேரில் போய் நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். தங்க வைக்க அந்த நிலம் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இருந்தது. முக்தி என்ற அந்த இல்லத்தில் 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு 1500 பேருக்கு மேல் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் சோறு போடணும். விவசாயம், பால் மாடு, நெசவு, எண்ணெய் ஆட்டுதல், தையல் என்று எல்லாத் தொழிலையும் பெண்களே செய்தார்கள். பார்வை இல்லாதவர்களுக்கும் படிப்பு உண்டு. விடியற்காலையில் ஜெபம், அது முடிந்ததும் வேலை. ஜெபத்தைச் சாக்குச் சொல்லி வேலையை விடுவது அங்கே இல்லை, வேலையைச் சாக்குச் சொல்லி ஜெபத்தை விடுவதும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில்தான் இன்னொரு வேலையைக் கையில் எடுத்தார். அப்போது இருந்த மராத்தி பைபிள் சமஸ்கிருத வார்த்தைகள் நிறைந்தது, கிராமத்துப் பெண்ணுக்குப் புரியாது. ரமாபாயே சமஸ்கிருதப் பண்டிதர், அவருக்கு அது கஷ்டம் இல்லை. ஆனால் அடுப்படியில் இருக்கிற பெண்ணுக்கும் புரிகிற மாதிரி புதிதாக மொழிபெயர்க்க உட்கார்ந்தார். மூலத்திலிருந்தே செய்யணும் என்று எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொண்டார். அப்போது வயசு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நம்மில் பலர் "இந்த வயசுல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டு என்ன ஆகப் போகுது" என்று கேட்கிற வயசு அது.

ஏறக்குறைய 18 வருஷம். ஒரே மூச்சில் செய்த வேலை இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, தானியக் கணக்கைப் பார்த்துவிட்டு, வந்து உட்கார்ந்து செய்த வேலை. அச்சகமும் முக்தியிலேயே. எழுத்துக் கோர்த்தது, அச்சடித்தது எல்லாம் அங்கிருந்த பெண்கள். பஞ்சத்தில் வந்து சேர்ந்தபோது அவர்களில் பலருக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்துபோனார். தனக்குப் பிறகு முக்தியைப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்த ஒரே பிள்ளை. அந்தத் துக்கத்தோடும் ரமாபாய் அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். வேலையை முடித்து, 1922 ஏப்ரல் 5-ல் கண்ணை மூடினார். பைபிள் முழுசாக அச்சாகி வந்தது அதற்குப் பிறகுதான்.

யாரும் பார்க்காத நேரத்திலும் தன்னை ஒருவர் பார்க்கிறார், அவருக்குக் கணக்குச் சொல்லணும் என்பதுதான் ரமாபாயின் விசுவாசம் என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம். நம்ம குழுவில் கணக்கு நோட்டைக் காட்டுவது எதற்கு? அதே மாதிரிதான்.

அதனால் இன்னைக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரே ஒரு இலக்கைச் சொல்லுங்க. மாடு என்றால் மாடு மட்டும். அதற்கென்று மாசம் 50 ரூபாயோ 100 ரூபாயோ தனியாகப் போட்டு, சேமிப்பு நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்க. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் குழுவில் அவசரக் கடன் கேட்கலாம், அந்தப் பக்கத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். உபவாச ஜெபமும் குழுக் கூட்டமும் ஒரே வெள்ளிக்கிழமை வருகிற ஊர்களில் கூட்டத்தை வியாழனுக்கு மாற்றலாமா என்று பிரதிநிதிகள் கலந்து பேசிச் சொல்லுங்க. எதையும் விட வேண்டியதில்லை.

டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு நோட்டை எடுப்போம்.