போயிட்டு வாறன்



திருகோணமலையில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் வெறுமனே "போறன்" என்று சொல்வதில்லை. சொன்னால் அம்மா விடமாட்டார். படியிறங்கிய பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்து, நெற்றியில் திருநீறு பூசி, "போயிட்டு வாறன் எண்டு சொல்லு" என்பார். எங்கே போகிறாய் என்று கேட்பதும் ஆகாது, "தூரமோ?" என்றுதான் கேட்பார்கள். செத்த வீட்டில் மட்டும் இந்தப் பேச்சே எழாது. வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். அப்படியொரு காரியத்துக்காக அந்த வாசலை மறுபடி மிதிக்க யாருக்கும் மனம் இல்லை.

கந்தளாயின் சிங்கள வீடுகளில் பெரியவர்களின் காலில் விழுந்து வணங்கி, "கிஹின் என்னம்" என்கிறார்கள். அதுவும் போய் வருகிறேன் என்பதுதான். கிண்ணியாவில் தூரம் போகிறவரை "பீ அமானில்லாஹ்" என்று இறைவனின் காவலில் ஒப்படைத்து அனுப்புவார்கள். 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்ட ஜப்பானியரின் வீடுகளிலும் போகிறவர் சொல்வது "இத்தே கிமாஸ்", இருக்கிறவர் சொல்வது "இத்தெராஷ்ஷாய்". போய் வருகிறேன், போய் வா. சண்டை பிடித்தவர்களும் குண்டுக்குப் பயந்து ஓடியவர்களும் வாசலில் ஒரே பேச்சைத்தான் பேசியிருக்கிறார்கள்.

திரும்பி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று மூதூர் கிழக்கிலுள்ள சம்பூருக்குத் தெரியும். 2006இல் யுத்தம் துரத்தியபோது ஊரை விட்டு ஓடியவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். சொந்தக் காணி எட்டிப்போகும் தூரத்தில்தான் இருந்தது. கால் வைக்க அனுமதி இல்லை. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கருக்கு 2016 வரை காத்திருந்தார்கள். அதற்குள் வளவுகளில் காடு மண்டிவிட்டது. ஆனாலும் வந்தார்கள், கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள்.

இன்று பட்டம் பெறுகிறவர்களில் பலர் கொழும்புக்கும் கட்டாருக்கும் லண்டனுக்கும் போவார்கள். வேலை அங்கே என்றால் போகத்தான் வேண்டும். சம்பூராருக்கு வழியை மற்றவர்கள் அடைத்தார்கள். இவர்களுக்கு அந்தத் தடை இல்லை. மூதூர் கிழக்கின் பள்ளிக்கூடங்களில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். விடுமுறைக்கு வரும்போது இரண்டு கிழமையாவது அங்கே வகுப்பெடுக்கலாம். வழியனுப்பும் பெற்றோரும் அடுத்த வருகை எப்போது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.