விசா வரிசையும் வகுத்தல் கணக்கும்

அமெரிக்காவில் பணிபுரியும் இந்தியர், கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வாச அனுமதிக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? என் பழைய மாணாக்கர் சிலர், அந்நாட்டு வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உள்ள தேதியைத் தம் முன்னுரிமைத் தேதியிலிருந்து கழித்து விடை சொல்லிவிடுகின்றனர். அத்தேதியோ ஒரே சீராக நகர்வதில்லை. மாதக்கணக்கில் நிற்கும், பின்வாங்கவும் செய்யும்.

இங்கு வேண்டுவது வகுத்தல். தொழில்வழி விசாக்கள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. உயர்பட்டம் பெற்றோருக்கான இரண்டாம் பிரிவின் பங்கு ஏறத்தாழ 40,000. ஒரு நாட்டிற்கு நூற்றுக்கு ஏழு என்பது வரம்பு. ஆகவே இந்தியருக்கு 2,800. மனைவி மக்களும் இதிலேயே அடக்கம். நால்வர் கொண்ட குடும்பமாயின் 700 குடும்பங்களே! பிற நாட்டார் பயன்படுத்தாத விசாக்கள் சில ஆண்டுகளில் வந்து சேரும்; அதை நம்பிக் கணக்கிடலாகாது. முன்னே நிற்போர் தொகையை இவ்வெண்ணால் வகுக்க வேண்டும்.

பெற்றோருடன் சென்ற பிள்ளைக்கு 21 வயது நிரம்பினால், அவர்கள் மனுவில் அதற்குப் பொதுவாக இடமில்லை. 2002-ஆம் ஆண்டுச் சட்டம், மனு பரிசீலனையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கிறது; வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையுடன் வரிசையில் சேரும் தந்தை, பதினோரு ஆண்டுகளுக்குள் தம் முறை வருமா என்றே முதலில் பார்க்க வேண்டும்.